கதையை விற்றீர்கள், கடிதத்தை விட்டுவிட்டீர்கள்: தொல் ஆயுத ஏல நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தொல் ஆயுதங்களை ஏலம் விடும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கும், அந்த ஏலங்களுக்குக் கேட்டலாக் எழுதும் நிபுணர்களுக்கும்,

சென்ற மாதம் உங்களில் ஒருவர் ஒரு ரிவால்வரை விற்றீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மனிதர் ஒருவர் இடுப்பில் கட்டியிருந்தது என்று கேட்டலாக் சொன்னது. அது அவருடையது அல்ல. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் அந்த ரிவால்வர் தொழிற்சாலையை விட்டே வெளியே வந்தது. இது என் ஊகம் இல்லை. தயாரித்த நிறுவனத்தின் ஆவணப் பிரிவு, பழைய பேரேட்டைப் பார்த்து எழுதிக்கொடுத்த கடிதம் இருக்கிறது. அதன் நகலை ஏலத்துக்கு 11 நாட்கள் முன்பே உங்களுக்கு அனுப்பினேன். அப்படியும் ஏலம் நடந்தது. கேட்டலாக்கில் ஒரு சொல்கூட மாறவில்லை.

அந்த நிறுவனத்தின் பெயரையோ, அந்தப் புகழ்பெற்றவரின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. ஒருவரைச் சந்தியில் நிறுத்துவது என் நோக்கம் அல்ல. அவர் செய்ததை உங்களில் பலரும் செய்கிறீர்கள். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் ஒரு அருங்காட்சியகத்தின் ஆயுதப் பிரிவில் 22 ஆண்டுகளாகப் பதிவேடு எழுதுகிறேன். ஒரு துப்பாக்கி எங்களிடம் வந்தால் முதலில் கதை கேட்பதில்லை. கையுறை மாட்டிக்கொண்டு, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, விளக்கைச் சாய்வாக வைத்து வரிசை எண்ணைப் படிப்போம். கோல்ட் என்ற அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனம் 1873இல் கொண்டுவந்த சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வர் என்றால், ஒரே எண் சட்டகத்தின் அடியிலும், விசைக் காப்பிலும், பிடியின் பின்பட்டையிலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒத்துப்போகின்றனவா, எழுத்தின் வெட்டு ஒரே மாதிரி இருக்கிறதா, எண்ணைச் சுற்றி மட்டும் உலோகம் அராவிப் பள்ளமாகத் தெரிகிறதா என்று பார்ப்போம். சட்டகத்தின் பக்கவாட்டில் காப்புரிமைத் தேதிகள் பொறிக்கப்பட்டிருக்கும்: 1871 செப்டம்பர் 19, 1872 ஜூலை 2, 1875 ஜனவரி 19. அந்த மூன்றாவது தேதி பொறித்த துப்பாக்கியை 1874இல் எவரும் சுட்டிருக்க முடியாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மேதை வேண்டியதில்லை. ஒரு உருப்பெருக்கியும் கால் மணி நேரமும் போதும்.

நீங்கள் விற்ற அந்த ரிவால்வர் என் மேஜைக்கு வந்தது நான்கு ஆண்டுகளுக்கு முன்பு. ஒரு முதியவரும் அவர் மகளும் கொண்டுவந்தார்கள். பழைய துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்திருந்தார்கள். தன் தாத்தாவுக்கு அந்தப் பெரிய மனிதரே கையால் கொடுத்தது என்று முதியவர் சொன்னார். நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரமும் வைத்திருந்தார். அவர் பொய் சொன்னார் என்று நான் இன்றுவரை நினைக்கவில்லை. சிறுவயதில் கேட்டதை எழுபது ஆண்டுகளாக நம்பியிருந்தார், அவ்வளவுதான். நாங்கள் எண்ணை எழுதி, கட்டணம் கட்டி, ஆவணப் பிரிவுக்கு அனுப்பினோம். பதில் வந்தது. எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த வியாபாரிக்கு, எத்தனை துப்பாக்கிகள் கொண்ட சரக்கில் ஒன்றாக அது அனுப்பப்பட்டது என்பதெல்லாம் அதில் இருந்தது. அந்தப் பெரிய மனிதர் அதற்குள் ஆறு ஆண்டுகளாக மண்ணுக்கடியில் கிடந்தார்.

அதை அந்த முதியவரிடம் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் இது யாருடையது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கடிதத்தின் ஒரு நகலை அவர் கையில் கொடுத்தேன். ரிவால்வரோடு சேர்த்துப் பெட்டியிலேயே வைத்து எடுத்துப்போனார்.

உங்கள் கேட்டலாக்கில் அதைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. இடப்பக்கப் பிடியின் அடியில் அரைப்பிறை போல ஒரு உடைசல், சட்டக எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள், மரப்பெட்டி, எல்லாம் அதுவே. பிரமாணப் பத்திரத்தை முழுப் பக்கத்துக்குப் படமாகவே போட்டிருந்தீர்கள். நான் கொடுத்த கடிதம் மட்டும் இல்லை. நடுவில் அது யார் யார் கைக்குப் போனது, எந்தக் கையில் அந்தக் காகிதம் பெட்டியிலிருந்து நீங்கியது என்பது எனக்குத் தெரியாது. ஆனால் என் மின்னஞ்சல் வந்த பிறகு உங்களுக்குத் தெரியும். நீங்கள் அனுப்பிய பதில் மூன்று வரி: உரிமையாளர் தந்த தகவலை நம்பிக்கையின் பேரில் வெளியிடுகிறோம், முந்தைய உடைமை பற்றி நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை, விற்பனை நிபந்தனைகளைப் பார்க்கவும் என்பது அதன் சாரம். ஏலம் முடிந்த பிறகு நான் எழுதிய கடிதத்துக்கு அந்த மூன்று வரியும் வரவில்லை.

விற்பனை நிபந்தனைகளைப் பார்த்தேன். உங்களில் பலருடையதையும் பார்த்தேன். எந்த நிறுவனம் தயாரித்தது, எந்தக் காலத்தது என்பதற்குப் பொறுப்பேற்கிறீர்கள். யார் கையில் இருந்தது என்பதற்கு மட்டும் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் விலகிக்கொள்கிறீர்கள். விலையைத் தூக்குவது எது? இரும்பா? அதே ஆண்டில், அதே தொழிற்சாலையில், அதே நிலையில் இருக்கும் வேறொரு துப்பாக்கியை வைத்துப் பாருங்கள். மிச்ச விலை முழுவதும் அந்த ஒரு பெயருக்குத்தான். உங்கள் தரகும் அந்த விலையோடு சேர்ந்துதான் ஏறுகிறது. பெயருக்குக் காசு வாங்குகிறவர்கள் பெயருக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இது பணக்காரர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் கொடுக்கல் வாங்கல், உனக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். எனக்கு வந்தது இதுதான். அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898இலோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கிகளைத் தொல்பொருள் என்று தனியே ஒதுக்குகிறது. பிரிட்டனில் அதே 1968இல் வந்த ஆயுதச் சட்டமும், அலங்காரத்துக்கோ அரும்பொருளாகவோ வைத்திருக்கும் பழந்துப்பாக்கிக்கு உரிமச் சான்று கேட்பதில்லை. சேகரிப்பாளர்களுக்கு அது வசதி. நானும் அதை எதிர்க்கவில்லை. ஆனால் அதன் பொருள் என்ன? புதுத் துப்பாக்கி கைமாறும்போது கடையில் ஒரு படிவமாவது நிரப்பப்படும். நூற்றைம்பது ஆண்டுப் பழைய ரிவால்வர் கைமாறும்போது அதுவும் பெரும்பாலும் கிடையாது. அதன் வாழ்க்கையில் மிஞ்சும் ஒரே பொதுப் பதிவு உங்கள் கேட்டலாக்தான். அடுத்து வரும் ஆய்வாளர் அதைத்தான் எடுத்துப் பார்ப்பார். அடுத்த ஏலத்தில் அதையே சான்றாகக் காட்டுவார்கள். இப்படி இரண்டு முறை கைமாறினால் போதும், உங்கள் நிறுவனத்தின் பெயரே அந்தப் பொய்க்குப் பிறப்புச் சான்றிதழ் ஆகிவிடும்.

சரியாகச் செய்ய முடியாதது அல்ல இது. பில்லி த கிட் என்ற அமெரிக்கக் கொள்ளைக்கார இளைஞனை ஷெரிஃப் பேட் காரெட் 1881 ஜூலை 14 இரவு சுட்டுக் கொன்ற கோல்ட் ரிவால்வர், 2021 ஆகஸ்டில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் 60 லட்சம் டாலருக்கு மேல் போனது. அவ்வளவு பணத்தை ஒருவர் எதை நம்பிக் கொட்டினார்? காரெட் அந்தத் துப்பாக்கியை எல் பாசோ நகரில் மதுக்கூடம் வைத்திருந்த ஒருவரிடம் கொடுத்திருந்தார். காரெட்டும் போனார், மதுக்கூடக்காரரும் போனார். காரெட்டின் மனைவி அப்போலினாரியா, அது இரவலாகக் கொடுத்ததுதான், விற்றது அல்ல என்று மதுக்கூடக்காரரின் சொத்தைப் பார்த்துக்கொண்டவர்கள்மேல் வழக்குப் போட்டு, வென்று, திரும்பப் பெற்றார். கணவரை இழந்த ஒரு முதிய பெண் நீதிமன்றம் ஏறியதால் அந்தத் துப்பாக்கியின் பாதை இன்று எவரும் படித்துப் பார்க்கக்கூடிய காகிதமாக இருக்கிறது. அந்த வழக்கு நடந்திராவிட்டால், மதுக்கூடச் சுவரில் தொங்கிய பல துப்பாக்கிகளில் அதுவும் ஒன்றாகப் போயிருக்கும். அப்போலினாரியாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

பாட் மாஸ்டர்சனை எடுத்துக்கொள்ளுங்கள். கான்சஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில் புகழ்பெற்ற சட்டக் காவலர். 1885 ஜூலையில் அங்கிருந்து கோல்ட் தொழிற்சாலைக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுதினார். நிக்கல் பூச்சு வேண்டும், விசை இலகுவாக இருக்க வேண்டும், முன்குறி (குறிபார்க்கக் குழலின் நுனியில் இருக்கும் முனை) வழக்கத்தைவிடச் சற்று உயரமாகவும் தடிப்பாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டார். அந்தக் கடிதம் இருக்கிறது. தன் வேலைக்கு என்ன வேண்டும் என்று அறிந்த ஒரு மனிதரின் குரலை அதில் கேட்கலாம். அந்த விவரங்களோடு ஒத்துப்போகிற துப்பாக்கி கிடைத்தால், எடுத்துப்பார்க்கும்போது கை நடுங்கும். எனக்கு நடுங்கும். அதே மாஸ்டர்சன் பிற்காலத்தில் நியூயார்க்கில் பத்திரிகையாளராக இருந்தபோது, உங்கள் துப்பாக்கியைக் கொடுங்கள் என்று நச்சரித்தவர்களுக்கு அடகுக் கடையில் பழைய கோல்ட் வாங்கி, கொன்றவர்களின் கணக்குப்போலப் பிடியில் வெட்டுக்குறிகள் போட்டுக் கொடுத்தார் என்று ஒரு செவிவழிச் செய்தி உண்டு. அதற்கு நான் பார்த்த ஆவணம் எதுவும் இல்லை. அதனால் செவிவழிச் செய்தி என்றே எழுதுகிறேன். கேட்டலாக்கில் நீங்களும் இப்படி எழுதினால் போதும் என்பதுதான் என் வழக்கு.

பிரெஞ்சுக் கவிஞர் வெர்லேன் 1873 ஜூலை 10 அன்று பிரஸ்ஸல்ஸில் சக கவிஞர் ரிம்போவின் மணிக்கட்டில் சுட்ட ரிவால்வர் 2016இல் பாரிஸில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 4,34,500 யூரோவுக்குப் போனது. அன்று காலைதான் வாங்கிய துப்பாக்கி. மாலைக்குள் போலீஸ், பிறகு நீதிமன்றம், இரண்டு ஆண்டுச் சிறை. வாக்குமூலங்கள் உட்பட வழக்குக் கட்டு இன்றும் இருக்கிறது. கதை அந்தக் கட்டோடு சேர்ந்து நிற்கிறது.

ஓவியர் வான் கோவின் கதை வேறு. 1890 ஜூலை 27 அன்று அவர் தன்னைச் சுட்டுக்கொண்டதாகச் சொல்லப்படும், பிரான்ஸின் ஓவேர் கிராமத்தின் வயலில், பல பத்தாண்டுகள் கழித்து ஒரு விவசாயி துருப்பிடித்த ரிவால்வர் ஒன்றைக் கண்டெடுத்தார். லெஃபோஷே வகை, 7 மில்லிமீட்டர். வான் கோவைப் பார்த்த மருத்துவர் குறிப்பிட்ட தோட்டாவின் அளவோடு ஒத்துப்போனது. மண்ணில் நெடுங்காலம் கிடந்ததற்கான அரிப்பும் இருந்தது. அவ்வளவுதான் சான்று. 2019இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது, அதுவாக இருக்கக்கூடும் என்ற அளவில்தான் சொன்னார்கள். கட்டணங்கள் சேர்த்து 1,62,500 யூரோ. அந்தத் துப்பாக்கியை விற்றதே தவறு என்று வருந்தியவர்கள் உண்டு. எனக்கும் அதில் மனக்கசப்பு உண்டு, ஒரு மனிதரின் கடைசி வலியைக் கூவி விற்பது போல இருந்தது. ஆனாலும் 'கூடும்' என்ற அந்தச் சொல்லை அவர்கள் விடவில்லை என்பதற்காக மதிக்கிறேன். மறுநாள் செய்திகளில் பல இடங்களில் அந்தச் சொல் இல்லை. 'வான் கோ தற்கொலை செய்துகொண்ட துப்பாக்கி' என்றே வந்தது. நேர்மையாக எழுதிய சொல்லே ஒரு நாளில் உதிர்கிறது என்றால், நீங்கள் எழுதாமலே விட்ட ஐயத்தை யார் எடுத்துச்சொல்வார்கள்?

முழு வரிசை எண்ணை ஏன் அச்சிடுவதில்லை என்று உங்களில் சிலரிடம் நேரிலேயே கேட்டிருக்கிறேன். எண் வெளியே தெரிந்தால் போலி செய்பவர்கள் வேறொரு துப்பாக்கியில் அதைப் பொறித்துவிடுவார்கள் என்றார்கள். பொறிக்கட்டும். ஒரே எண்ணில் இரண்டு துப்பாக்கிகள் வந்து நின்றால்தானே இரண்டில் ஒன்று போலி என்று தெரியும்? முதல் எண்ணை மறைத்துவைத்தால் இரண்டாவது துப்பாக்கிதான் உண்மையாகிவிடும். பின்னாளில் அமெரிக்க அதிபரான தியடோர் ரூஸ்வெல்ட் 1898 ஜூலை 1 அன்று கியூபாவின் சான் ஹுவான் குன்றுப் போரில் வைத்திருந்த ரிவால்வரைப் பாருங்கள். ஹவானா துறைமுகத்தில் மூழ்கிய 'மெயின்' போர்க்கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, அவருடைய சகோதரியின் கணவர் வழியாக அவர் கைக்கு வந்தது. 1990இல் அவர் வாழ்ந்த வீடான சாகமோர் ஹில் நினைவகத்திலிருந்து திருடுபோனது. 16 ஆண்டுகள் கழித்து, 2006இல் திரும்பி வந்தது. அதன் எண் 16334 என்பது ஊரறிந்த செய்தி. பொறிப்பை எவரும் அராவிவிடலாம். எண்ணை உலகமே அறிந்திருந்தால் அந்தத் துப்பாக்கியைத் திருடனாலும் நிம்மதியாக விற்க முடியாது.

விற்பவரின் பெயரைக் காக்க வேண்டும் என்ற நியாயம் எனக்குப் புரிகிறது. பெயரைக் கேட்கவில்லை. 'பெற்றதாகச் சொல்லப்படுபவரின் பேரன், 60 ஆண்டுகள், பிறகு தனியார் சேகரிப்பு' என்று எழுதினால் எவருடைய வீட்டுக் கதவும் தட்டப்படாது. நடுவில் இருபது ஆண்டுகள் எங்கே இருந்தது என்று தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள்.

நாங்கள் செய்யாததை உங்களிடம் கேட்கவில்லை. எங்கள் காட்சியறையில் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு ரிவால்வர் மூன்று தலைமுறை காலமாக ஒரு தளபதியின் பெயரோடு இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் முதலில் ஓடிவந்து நிற்கும் இடம் அது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் எண்களைச் சரிபார்த்தபோது, பிடியின் பின்பட்டை வேறொரு துப்பாக்கியினுடையது என்று தெரிந்தது. தளபதியின் பெயர் பொறித்திருந்ததே அந்தப் பட்டையில்தான். பெயர்ப் பலகையை என் கையால் கழற்றினேன். 'முன்பு இன்னாருடையது என்று காட்டப்பட்டது, சான்று இதற்கு எதிராக உள்ளது' என்ற புதுப் பலகை வைத்தோம். நன்கொடை அளித்த குடும்பம் எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டது. பார்வையாளர்கள் குறைவார்கள் என்று நிர்வாகத்தில் சிலர் பயந்தார்கள். இன்றும் பிள்ளைகள் அதே பேழை முன்புதான் நிற்கிறார்கள். பலகையைப் படித்துவிட்டு, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். அரை மணி நேரம் ஆனாலும் நின்று விளக்குவேன்.

அதனால் கேட்கிறேன்.

ஒருவருடைய பெயரைச் சொல்லி விற்கும் ஒவ்வொரு ரிவால்வருக்கும் முழு வரிசை எண்ணை அச்சிடுங்கள். எண் எத்தனை இடங்களில் இருக்கிறது, எல்லாம் ஒத்துப்போகின்றனவா என்பதையும் படத்தோடு காட்டுங்கள். தொழிற்சாலைப் பேரேடு இருக்கும் துப்பாக்கி என்றால் அந்தக் கடிதம் இல்லாமல் அதைப் பெயர் சொல்லி ஏலத்தில் ஏற்றாதீர்கள். பேரேடு எரிந்தோ தொலைந்தோ போயிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பிரமாணப் பத்திரம் என்பது ஒருவரின் நம்பிக்கை. அதை யார், எந்த ஆண்டில், சம்பவம் நடந்து எத்தனை ஆண்டு கழித்து எழுதினார்கள் என்பதைத் தலைப்புக்கு அடியிலேயே போடுங்கள். பொடி எழுத்தில் அல்ல.

பெயருக்கு எதிரான சான்று உங்கள் கைக்கு வந்தால், அது யாரிடமிருந்து வந்தாலும், ஏலத்துக்கு முன் அந்தப் பொருளின் விவரத்தோடு சேர்த்து வெளியிடுங்கள். சரிபார்க்க நேரம் போதவில்லை என்றால் பொருளை அடுத்த ஏலத்துக்குத் தள்ளிவையுங்கள். விற்ற பிறகு பெயர் தவறு என்று ஆவணத்தால் நிரூபணமானால், வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தரும்படி விற்பனை நிபந்தனைகளைத் திருத்துங்கள். தயாரிப்பாளர் தவறு என்றால் திருப்பித் தருகிறீர்களே, அதே விதியை இதற்கும் வையுங்கள். பழைய கேட்டலாக்குகளில் திருத்தம் வந்தால் இணையப் பக்கத்திலிருந்து சத்தமில்லாமல் அழித்துவிடாமல், அதே பக்கத்தில் திருத்தத்தையும் சேர்த்து வையுங்கள்.

சென்ற மாதம் விற்ற நிறுவனத்துக்குத் தனியாக ஒன்று. அந்த ரிவால்வரை வாங்கியவர் யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உங்களுக்குத் தெரியும். ஆவணப் பிரிவின் கடிதத்தை 30 நாட்களுக்குள் அவரிடம் சேர்த்துவிடுங்கள். சேர்த்த தேதியை எனக்கு ஒரு வரியில் தெரிவியுங்கள். நகல் என்னிடம் இருக்கிறது. நான் அனுப்பியது தொலைந்துவிட்டது என்றால் சொல்லுங்கள், அன்றே மறுபடியும் அனுப்புகிறேன்.